நாற்பத்து நான்காவது வார்ப்பு

நாற்பத்து மூன்றாவது வார்ப்பின்போது மிருதுளாவுக்குப் பல் டாக்டரின் முகம் நினைவிலிருந்து போய்விட்டது. அதற்கு முந்தைய வாரம் பல் ஆஸ்பத்திரி நாற்காலிகளின் நிறம் போயிருந்தது. பெரிய இழப்பாக அவளுக்குத் தோன்றவில்லை. எதுவுமே தோன்றாததுதான் உறுத்தியது. அந்த உறுத்தலும் லேசாகத்தான்.

கோபிச்செட்டிப்பாளையத்து மண்டபத்தில் காலை பத்தரைக்கு நிச்சயம். மேடை ஓரத்தில் மெஷின்காரர் ரவூப் நினைவுவார்ப்பியைப் பொருத்திக்கொண்டிருந்தார். மிக்ஸி அளவுதான் இருக்கும். முந்நூறு நாற்காலிகளிலும் நெற்றிப்பட்டைகள் தொங்கின. காதலித்தவர் பட்டையைக் கட்டிக்கொண்டு, நடந்ததை நினைத்துப்பார்க்க வேண்டும். மற்றவர்களுக்குள் அது தங்களுக்கே நடந்ததுபோல இறங்கும். வாசனை, நடுக்கம், வயிற்றில் புரள்வது எல்லாம் சேர்த்து.

நடக்காத ஒன்றை நினைத்துக் காட்டினால் வார்ப்பி வாங்காது. காதல் கல்யாணத்தில் பெரியவர்களுக்கு இருந்த சந்தேகம் அதோடு தீர்ந்தது. வார்ப்பி வந்த ஐந்தே வருடத்தில், "ஜாதகம் பாத்தாச்சா?" என்று கேட்ட வாய்கள் "வார்ப்பு பாத்தாச்சா?" என்று கேட்கத் தொடங்கின.

நினைவு ஒன்றை எடுக்கும்போது அது மூளையில் இளகும். வைக்கும்போது மறுபடி இறுகும். இளகிய நேரத்தில்தான் வார்ப்பி நகலெடுக்கிறது. இறுகும்போது கொஞ்சம் குறையும். மூன்று முறைக்கு மேல் வேண்டாம் என்று கையேட்டில் போட்டிருந்தது. இரண்டு பக்கத்துப் பெற்றோர், மிஞ்சினால் ஒரு தாய்மாமன் என்று நினைத்து எழுதியிருப்பார்கள். இந்தப் பக்கம் ஒரு நிச்சயத்துக்கு எத்தனை வீட்டுக்கு நேரில் போய் அழைக்க வேண்டும் என்று எழுதியவர்களுக்குத் தெரியாது. ஒரு சித்தப்பா வீட்டில் காட்டிவிட்டு, இன்னொரு சித்தப்பா வீட்டில் வெற்றிலைபாக்கை மட்டும் நீட்டிவிட்டு எழுந்து வர முடியுமா?

மிருதுளாவும் மாப்பிள்ளை குகனும் அவரவர் பங்குக்கு வீடு வீடாகக் காட்டிய நினைவு இதுதான். ஈரோட்டில் ஒரு பல் மருத்துவமனை. அவளுக்கும் குகனுக்கும் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை. இருவருக்கும் இடது பக்கம் ஊசி போட்டு மரத்திருந்தது. மரப்பு விடும்வரை எதுவும் குடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தும் குகன் மெஷின் காப்பி வாங்கிக் குடித்தான். உதடு எங்கே இருக்கிறதென்று தெரியாமல் சட்டையெல்லாம் வழிந்தது. பார்த்துச் சிரித்தவளும் ஒன்று வாங்கிக் குடித்தாள். அவளுக்கும் வழிந்தது. பாதி வாயால் சிரித்தார்கள். பேச்சு குழறியதால் அவன் டோக்கன் சீட்டின் பின்னால் எழுதிக் காட்டினான்: 'உங்களுக்கு எத்தனை வேர்?'

அடுத்த இரண்டு தடவையும் ஒரே நாளாகப் பார்த்து நேரம் வாங்கினார்கள். நான்காவது தடவை அவளுக்கு மட்டும்தான் வேலை பாக்கி. கதவைத் தள்ளினால், உள்ளே குகன் உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்து பார்த்தான். பல் வலியே இல்லாத ஒருவன், பல் ஆஸ்பத்திரியில், ஒன்றரை மணி நேரமாக. காட்டிய வீட்டிலெல்லாம் இந்த இடத்தில் பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள்.

"மேடம், இங்க வாங்க," என்று ரவூப் தணிந்த குரலில் கூப்பிட்டார். "நேத்து சோதிச்சப்ப உங்க நெனப்போட ஆழம் நாலுதான் காட்டுச்சு. மொதல்ல எண்பது இருந்துச்சு. முந்நூறு பட்டைக்கு இழுத்தா இதோட தீந்துரும்."

"பாக்கறவங்களுக்கும் ஒண்ணும் தெரியாதா?"

"அவங்களுக்கு மெஷின் பெருக்கிக் குடுத்துரும். காணாமப் போன டாக்டர் மூஞ்சிக்கு அவங்கவங்க டாக்டர் வந்து உக்காந்துக்குவாரு. உங்களுக்குத்தான் தரை தட்டிரும்."

"அவங்ககிட்ட இருந்து திருப்பி எடுக்க முடியாதா?"

"எடுத்தா, மண்டபத்துல உக்காந்து பாத்தது வரும். உங்களுது வராது."

அவள் மாப்பிள்ளை அறைக்குப் போனாள். குகன் வேட்டியோடு போராடிக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கு நீ காட்டிரு குகா. என்கிட்ட கொஞ்சம்தான் இருக்குது."

அவன் பெல்ட்டை இறுக்கினான். "என்கிட்ட ஒண்ணுமே இல்ல மிருது."

"எப்ப இருந்து?"

"திங்களூர்ல சின்னம்மா ஊட்டுல காட்டுனதுல இருந்து. மூணு வாரமாச்சு."

"போன வாரம் போன்ல டோக்கன் சீட்டு பத்திப் பேசுனயே?"

"எங்கக்கா சொல்லிக்குடுத்தா. அவ ரெண்டு தடவை பாத்துட்டா."

"அப்பறம் எதுக்கு என்னைக் கட்டிக்கற?"

குகன் நேர்மையாக யோசித்தான். "முடிவு பண்ணுனது ஞாபகம் இருக்குது. ஏன்னுதான் இல்ல."

கோபம் வரும் என்று அவள் சிறிது நேரம் நின்று பார்த்தாள். வரவில்லை.

மேடையில் குகனின் பெரியப்பா சென்னியப்பன் தாம்பாளங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மிருதுளா அவரிடம் சொன்னாள்: "பெரியப்பா, இன்னிக்கு வார்ப்பு வேண்டாமுங்க."

"என்ன அம்மணி, பங்காளிக ஊட்டுக்கெல்லாம் காட்டிப்போட்டு எங்களுக்கு மட்டும் இல்லீங்கறயா?"

"விடுங்கண்ணா, புள்ளைக்கு வெக்கம்," என்றாள் மிருதுளாவின் அத்தை கலாமணி.

"பல்லுல ஓட்டை போட்டதுக்கு என்ன வெக்கம்?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. குரலைத் தணித்துக்கொண்டார். "கண்ணு, காட்டலீன்னா உள்ள ஒண்ணுமில்லீன்னு நாலு பேரு பேசுவாங்க. அப்பறம் உப்புச்சக்கரையை எப்படி மாத்தறது?"

உப்பும் சர்க்கரையும் இரண்டு தட்டுகளில் தயாராக இருந்தன. அவற்றை மாற்றிக்கொண்டால் நிச்சயம் முடிந்தது. மிருதுளாவின் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

காட்டாவிட்டால் நிச்சயம் இல்லை. காட்டினால் நிச்சயம் நடக்கும், அதற்கான காரணம் இருக்காது. முதலாவதற்கு முந்நூறு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவதற்கு யாருக்கும் சொல்ல வேண்டாம். அவள் உட்கார்ந்து பட்டையைக் கட்டிக்கொண்டாள்.

குகன் பக்கத்தில் வெறும் நெற்றியோடு உட்கார்ந்தான். தன்னையே காதலிக்கும் நினைவு மாப்பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது என்பதும் கையேட்டில் இருந்தது. அதை மட்டும் எல்லோரும் கடைப்பிடித்தார்கள்.

மிருதுளா கண்ணை மூடினாள். காப்பி. ஈரச் சட்டை. சீட்டில் நீல மை. பிறகு அந்தக் கதவு. தள்ளினாள். உள்ளே யாரோ நிமிர்ந்து பார்த்தார்கள்.

ரவூப் கையை உயர்த்தினார்.

மண்டபத்தின் ஒரு பக்கமிருந்து விசும்பல் கிளம்பியது. சென்னியப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "மாத்துங்கப்பா, மாத்துங்க," என்றார். உப்புத் தட்டும் சர்க்கரைத் தட்டும் கைமாறின.

கலாமணி அத்தை மேடைக்கு வந்து குகனைக் கண்கொட்டாமல் பார்த்து, அவன் கன்னத்தைத் தொட்டாள். அத்தைக்குக் கல்யாணமாகி முப்பத்தொரு வருடம். மாமாவை அவள் இப்படிப் பார்த்து யாரும் கண்டதில்லை.

"வலியே இல்லாம வந்து உக்காந்திருந்தயே சாமி," என்றாள்.

"எங்க, அத்தை?" என்று மிருதுளா கேட்டாள்.

"குறும்பப் பாரு!" அத்தை அவள் தலையில் செல்லமாகத் தட்டிவிட்டு, மறுபடி குகனையே பார்த்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

காப்பி வந்தது. முந்நூறு பேரும் முதல் வாய் குடித்ததும் இடது தாடையைப் புறங்கையால் துடைத்தார்கள். துடைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் பாதி வாயால் சிரித்தார்கள். சென்னியப்பனின் வெள்ளைச் சட்டையில் நிஜமாகவே காப்பி வழிந்திருந்தது.

மேடையில் இருவரும் நேராக உட்கார்ந்து குடித்தார்கள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"எதுக்கு எல்லாரும் வாயைத் தொடைக்கறாங்க?" என்று மிருதுளா கேட்டாள்.

குகன் மண்டபத்தைப் பார்த்தான். "தெரியல," என்றான். "சூடா இருக்கும்போல."