செவந்தியின் புடைவைப் பெட்டி

1958-இல் அன்னவாசல் பக்கத்து ஊர் ஒன்றுக்கு வைத்தியம் பார்க்க வண்டி வைத்து என்னை அழைத்துப் போனார்கள். பழைய பெரிய வீடு. பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு. ஒரு ஜன்னலைத் திறந்து வைக்கக்கூட மனசில்லாத ஜனங்கள்.

"மருமக மூஞ்சியில நாலு மாசமா சிரிப்புமில்ல, அழுகையுமில்ல. மயிர் கருகுற வாடை வருதுங்குறா" என்றாள் மாமியார் முத்துமாரியம்மாள். மகன் ஆண்டியப்பன் பக்கத்தில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தான்.

சொர்ணவல்லி அவனுக்கு இரண்டாந்தாரம். மூத்தவள் செவந்தி அடுப்படியில் தீப்பிடித்துச் செத்தவள். எப்படிப் பிடித்தது என்று கேட்க ஊரில் ஒருவனுக்கும் துப்பில்லை. செத்த கையோடு அவளை வீட்டுச் சாமியாக்கி, பெட்டியில் புடைவை வைத்துப் படைத்தார்கள். வருஷா வருஷம் புதுசு வைத்துவிட்டுப் பழசை இளையவள் உடுத்த வேண்டும். உயிரோடு இருந்தபோது அவளுக்கு ஒரு நல்ல புடைவை எடுத்துக் கொடுத்திருப்பார்களா? த்தூ!

சொர்ணவல்லியின் மூக்கருகே பெருங்காயத்தை நீட்டினேன். மல்லிகையை நீட்டினேன். அழுகிய முட்டையையும் நீட்டினேன். அவள் முகம் சுளிக்கவில்லை.

"ஒண்ணுமே தெரியலையா?"

"செவந்தி அக்கா மயிர் வாடை மட்டுந்தாங்க." உதடு மட்டும் அசைந்தது. "அடுத்து நீதான்னு அது சொல்லுது. எங்க ஆத்தா வீட்டுக்கு என்னைய அனுப்பச் சொல்லுங்கய்யா."

பயத்தைச் சொல்லும்போதும் அந்த முகத்தில் பயமில்லை. முகத்தில் இல்லாதது மனசிலும் இல்லை என்று முடிவு கட்டினேன். படித்த திமிர்! சித்தப்பிரமை, மூக்கும் உணர்ச்சியும் சேர்ந்து மரத்துவிட்டன, வீட்டிலேயே வைத்துப் பார்க்கவும் என்று எழுதிக் கொடுத்தேன்.

பதினோராம் நாள் அடுப்படியில் தீப்பிடித்தது.

பைத்தியம் தானே கொளுத்திக்கொண்டது என்றார்கள். போலீசுக்கு என் சீட்டைத்தான் காட்டினார்கள்.

அடுத்த வருஷம் தாயும் மகனும் என் கிளினிக்குக்கு வந்தார்கள், மூன்றாவது பெண்ணோடு. அழகி என்று பெயர். முழுகாமல் இருக்கிறாளா என்று பார்க்க வேண்டுமாம். பெட்டியிலிருந்து எடுத்த புடைவையை உடுத்தியிருந்தாள். சிரித்த முகம்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வாடை வந்தது.

மயிர் கருகும் வாடை. ஒருத்தியுடையது அல்ல.

"இந்தப் புள்ளைய இன்னைக்கே அவ ஆத்தா வீட்டுக்கு அனுப்புங்க. கருகுற வாடை வருது" என்றேன்.

அழகி முந்தானையை முகர்ந்து பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியலையேங்க."

முத்துமாரியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பாவம், டாக்டருக்கும் புத்தி பேதலிச்சிருச்சு. வாடா போவோம்."

அழகி அவர்கள் பின்னாலேயே எழுந்து போனாள்.

அந்த நாற்காலியைக் கொல்லையில் போட்டு நானே கழுவினேன். கழுவக் கழுவத் தண்ணீர் கரியாக ஓடியது.