உப்புத் தொட்ட ரொட்டி

லப்பான் தெருவில் அந்தப் பழைய வீட்டின் மூன்றாம் மாடிக்கு ஏறுவதற்குள் வஹீதுக்கு நாக்கு வறண்டுவிட்டது. அலெக்சாந்திரியாவின் கடல் ஈரம் சுவர்களை அரித்துவைத்திருந்தது. படிக்கட்டில் யார் வீட்டிலிருந்தோ மீன் பொரிக்கும் வாடை.

ஒரு வருடமாகக் கைப்பேசியில் மட்டுமே பழகிய நஹ்லாவிடம் உண்மையைச் சொல்ல வந்திருந்தான். அவன் பெயர் ஷெரீப் இல்லை. அனுப்பிய படங்களும் அவனுடையவை இல்லை, லட்சணமான சித்தப்பா மகனுடையவை. சொன்னால் மன்னிப்பாளா என்பதே அவன் கவலை. ஏற்கெனவே ஏமாந்தவள் அவள். படத்தை நம்பமாட்டேன், என்னோடு ரொட்டியும் உப்பும் சாப்பிடு என்று கேட்டாள். அதைச் சேர்ந்து சாப்பிட்டபின் துரோகம் செய்கிறவனை அங்கே யாரும் மனுஷனாக மதிக்கமாட்டார்கள். தினமும் மாலைத் தொழுகை முடிந்ததும் அவள் அங்கே, இவன் தன் ஊரான தன்தாவில், ரொட்டியைப் பிட்டு உப்பில் தொட்டுத் தின்றபடி குரல் செய்தி அனுப்பிக்கொள்வார்கள். வெட்கங்கெட்டவன், பொய்ப்பெயரோடு தின்றான்.

கதவைத் திறந்தவள் அவள் தாய் எனாயத்.

"நஹ்லாவப் பாக்கணும்மா. நான்தான் ஷெரீப்." உண்மை சொல்ல வந்தவன் வாயில் முதலில் வந்தது அதுதான்.

அவள் ஏற இறங்கப் பார்த்தாள். "படத்துல இருந்தது நீ இல்லையே."

அவன் தலை குனிந்தான். அவள் திட்டவில்லை. உள்ளே உட்காரவைத்து மெல்லச் சொன்னாள். நஹ்லா குளிர்காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டாள். அதன்பிறகு அவனுக்குப் பதில் எழுதியது தாய்தான்.

"என் மகளப் பேர் சொல்லிக் கூப்பிட நீ ஒருத்தன்தான் மிச்சம், மகனே. விட மனசு வரல."

"அப்போ அந்தக் குரல்?"

"எந்தக் குரல்? நான் எழுதினதோட சரி. வாயத் திறந்தா கெழவின்னு தெரிஞ்சிடாதா?"

வஹீத் கைப்பேசியை எடுத்துப் பார்த்தான்.

நேற்று மாலையும் நஹ்லா பேசினாள்.

சிரித்தாள்கூட.

அதைச் சொன்னதும் எனாயத் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரே ஒரு தடவை கேட்கவை என்று கெஞ்சினாள். நேற்றைய செய்தியை ஒலிக்கவிட்டான். "நாளைக்கு வா. உன் மூஞ்சியப் பாக்கணும்" என்றது நஹ்லாவின் குரல்.

தாய் காதைச் சாய்த்தபடியே இருந்தாள். "ஒண்ணும் கேக்கலையே."

மறுபடி போட்டான். அவளுக்குக் கேட்கவில்லை.

"என்னப் பத்தி எப்பவாச்சும் கேட்டாளா?"

இத்தனை நாளில் நஹ்லா தாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது?

"தினமும் கேப்பாம்மா."

எனாயத் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பாவம், சந்தோஷத்தில்.

கைப்பேசி அணைந்துதான் கிடந்தது. வஹீதின் கழுத்தில் ஈரமான மூச்சு பட்டது.

"எங்கம்மாகிட்டயும் பொய்யா?"

அன்றே தன்தாவுக்கு ஓடினான். எண்ணை அழித்தான், கைப்பேசியையே மாற்றினான். மாலையானால் செய்தி வந்துவிடுகிறது. இப்போது அதில் பேச்சில்லை, சிரிப்பில்லை, ரொட்டி மெல்லும் சத்தம் மட்டும். அவனும் ஒரு துண்டைப் பிட்டு வாயில் வைக்கும்வரை அது நிற்பதில்லை.