முப்பத்தாறாயிரம் பேருக்கு ஒரு வாய்

காலை ஆறு மணிக்கு அமராவதிக் கரையில் நடைப்பயிற்சி போகிற கரூர்க்காரர்கள் எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டேதான் போவார்கள். அறுபதைத் தாண்டிய யாருக்கும் இதில் விலக்கில்லை. ஒருவர் வாயில் கார்த்தேஜ் எரியும். பின்னால் மூச்சிரைக்க வருபவர் வாயில் ஹிட்டைட்டுகள் தேரோட்டுவார்கள். கரையோரத் தெருநாய்களுக்கே பாதி உலக வரலாறு மனப்பாடம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு அங்கண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. குடிநீர் வாரியத்தில் முப்பத்திரண்டு வருடம் வால்வு திருகி ஓய்வு பெற்றவர். விடிந்ததிலிருந்து வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்த நடையை நீட்டிப் போட்டால் ஈரோடே வந்திருக்கும். பத்து மணிக்கு அவருக்கு ஒப்புநாள்.

எந்திரங்கள் எழுதித் தள்ளிய பொய் வரலாறு பெருகி, ஒரு கட்டத்தில் உலகத்தில் எழுநூறு ரோமாபுரிகள் ஆகிவிட்டிருந்தன. அதில் ஒன்று நாமக்கல்லையும் பிடித்திருந்தது. எதை நம்புவது என்று தெரியாமல் உலக அவை ஒரு சட்டம் போட்டது: இனி மனிதத் தலைக்குள் இருப்பது மட்டுமே வரலாறு. ஓய்வூதியம் வாங்கும் ஒவ்வொருவரிடமும், மறைந்துபோன மக்களில் ஒரு கூட்டத்தார் ஒப்படைக்கப்பட்டார்கள். பத்து வருடத்துக்கு ஒருமுறை 'ஒப்புநோக்கி' என்ற எந்திரத்தின் முன் உட்கார்ந்து அவர்களுடைய கதையை ஒப்பிக்க வேண்டும். அந்த எந்திரத்துக்கு வரலாறு தெரியாது. இரண்டு வாய்கள் ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் பார்க்கும். தோற்றவர்களின் பொறுப்பாளர் சொல்வதை வென்றவர்களின் பொறுப்பாளர் ஆமோதிக்க வேண்டும். ஒரு வரி ஒத்துவராவிட்டாலும் தோற்ற மக்களின் பெயர் நினைவேட்டிலிருந்து அழிக்கப்படும். அப்படி ஒரு கூட்டம் பிறக்கவே இல்லை என்று ஆகிவிடும். வென்றவர் சொல்லுக்கு மட்டும் சாட்சி தேவையில்லை.

அங்கண்ணனுக்கு வாய்த்தவர்கள் சலாசியர். ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்கில், ஆற்றைத் திருப்பித் தங்கம் அரித்தவர்கள். வால்வே இல்லாமல் ஆற்றைத் திருப்பினார்கள் என்று கேட்ட நிமிடமே அவர் அவர்களுக்கு உறவினராகிவிட்டார். பாதை போடுகிறோம், பாலம் கட்டுகிறோம் என்று சாக்குச் சொல்லி மேலிருந்து ரோமப் படைமீது பாறையை உருட்டியவர்கள் என்று தெரிந்ததும் சொந்த மச்சான்களே ஆனார்கள். டீக்கடையில் அவர் சொன்ன அந்தப் பாறை தீபாவளிக்கு யானை அளவு இருந்தது. பொங்கலுக்குள் பேருந்து நிலையத்தைவிடப் பெரிதாகிவிட்டது.

ரோமாபுரியை வைத்திருந்தவர் சென்னியம்மாள். நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவர். ஒரு விரற்கடை நிலம்கூட யாருக்கும் கூடுதலாகக் காட்டாதவர்.

"ஏனுங்க அங்கண்ணா, பஸ் ஸ்டாண்டு, யானைன்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா நான் இல்லைன்னுதான் சொல்லுவேன். அப்பறம் என்னைக் கோவிச்சுக்கக் கூடாது" என்றார் ஒப்புநாள் மண்டப வாசலிலேயே.

"ஏனுங்கக்கா, எம்பட மக்களைக் கண்டா உங்க ரோமாபுரிக்கு இன்னும் பயமுங்களா?"

"முப்பத்தாறாயிரம் பேர ஏலத்துல வித்துப்போட்டோம். இனி என்னங்க பயம்?"

வழக்கம்போல் கணக்காகத்தான் சொன்னார். சொன்ன பிறகு இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள்.

உள்ளே அங்கண்ணன் ஐந்தே வரிகள் சொன்னார். ஆறு, தங்கம், பாறை, தோல்வி, ஏலம். உப்பில்லாத கஞ்சி மாதிரி இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் சென்னியம்மாள் "ஆம்" என்றார்.

"சேர்க்க வேண்டியது ஏதேனும் உண்டா?" என்று கேட்டது ஒப்புநோக்கி.

இல்லை என்று சொல்ல வேண்டும். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அங்கண்ணனும் அதற்காகத்தான் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. அவர் சொன்ன ஐந்து வரியும் அவர்களை விற்றவர்கள் எழுதி வைத்த வரிகள். மலைமேல் நின்றவர்கள் தங்களைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டார்கள் என்று ஒரு சொல்லும் இல்லை. முப்பத்தாறாயிரம் பேரில் ஒருத்தர் பெயர்கூட இல்லை.

"கல்லை உருட்டிட்டு மேல நின்னு சிரிச்சாங்க" என்றார்.

பத்து வருடத்தில் அவர் சொன்னதிலேயே மிகச் சின்னப் பொய் அதுதான். தன் வாயாலேயே மொத்தப் பேரையும் இன்னொரு முறை ஏலம் விட்டுவிட்டோமே என்று நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரோமாபுரி ஆமோதிக்கிறதா?"

சென்னியம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார். எந்திரம் கேள்வியைத் திரும்பக் கேட்டது.

"ஆமா. சிரிச்சாங்க. கீழ நின்ன எங்க ஆளுகளுக்கு நல்லாவே கேட்டுச்சு."

"இது முன்பு பதிவாகவில்லை."

"செயிச்சவன் இதையெல்லாமா எழுதி வெப்பான்?"

ஒப்புநோக்கி விதியைப் புரட்டியது. வென்றவர் சொல்லுக்குச் சாட்சி தேவையில்லை. பச்சை விளக்கு எரிந்தது.

வெளியே வந்து இறங்கும்போது சென்னியம்மாள் ஒரு படியைத் தவறவிட்டார். அங்கண்ணன் தாங்கிப் பிடிக்கப் போனார். அவர் கையை உதறினார்.

"அக்கா..."

"ஒன்னும் பேச வேண்டாமுங்க. நாப்பது வருசச் சர்வீசுல ஒரு எல்லைக் கல்லு நான் நகத்தி நட்டதில்லை." நாலு படி இறங்கி நின்றார். "அடுத்த தடவை அந்த எந்திரம் எத்தனை பேர் சிரிச்சாங்கன்னு கேக்கும். ரெண்டு பேரும் ஒன்னாட்டம் சொல்லோணும். எத்தனைன்னு வெச்சுக்கறது?"

முப்பத்தாறாயிரம் என்று நாக்கு நுனி வரை வந்தது. அங்கண்ணன் அதை விழுங்கினார். தெருவைப் பார்த்தார், விரலை மடக்கினார், நிமிர்த்தினார். வாழ்க்கையில் முதன்முறையாக ஓர் எண்ணுக்கு அவர் பயந்தார்.

"ரெண்டு பேருன்னு வெச்சுக்கலாமுங்கக்கா" என்றார் கடைசியில். "ஒருத்தரா நின்னு அப்படிச் சிரிக்க முடியாதுங்க."