கர்னலின் மடக்குக் கத்தி

மூன்றாவது முறை தண்ணீர் மாற்றியும் கிண்ணத்தில் கறுப்பு குறையவில்லை. சுடுதண்ணீர், சோப்பு, பழைய டூத் பிரஷ், பஞ்சு, தையல் மெஷின் எண்ணெய் என்று சாப்பாட்டு மேசையை ஆபரேஷன் தியேட்டராக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் கர்னல். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் கத்தி. அதற்குள் இவ்வளவு அழுக்கு எங்கேதான் ஒளிந்திருந்ததோ.

கர்னல் என்பது நண்பர்கள் கேலியாக வைத்த பெயர். அவர் காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு நகர்த்துபவர். கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறுபவர். ஆனாலும் அந்தப் பெயரை மீசையைப் போல முறுக்கிவிட்டு வளர்த்து வந்தார். வாலிபத்தில் தனியாகக் காட்டில் திரிந்த கதையை எடுத்தாரென்றால் கேட்பவர்கள் பாடு திண்டாட்டம். போன வாரம் மைத்துனனிடம், “அந்தக் காலத்துக் கத்தி இன்னும் என்கிட்ட இருக்கு” என்று அளந்துவிட்டார். “ஞாயித்துக்கிழமை வர்றேன், காட்டுங்க” என்றுவிட்டான் அவன். அதனால்தான் இன்று காலை, நடைபாதைப் பழைய சாமான் கடையில் அவசரக் கொள்முதல்.

“என்னங்க, அது கத்தியா சாக்கடையா?” சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டே பேசுவாள். பேசுவதற்காகவே தேய்க்கிறாளோ என்றுகூடத் தோன்றும்.

“இதால எத்தனை மீன் அறுத்திருக்கேன் தெரியுமா? ஒவ்வொண்ணும் என் உசரம்.”

“உங்க உசரம்னா நெத்திலிதான்.”

அவர் காதில் வாங்காதவர்போலப் பல்குச்சியைக் கைப்பிடியின் இடுக்கில் விட்டுத் துழாவினார். ஒரு மீன்செதில் வந்தது. பின்னாலேயே இன்னொன்று. பொய்க்குச் சாட்சி கிடைத்தால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது? “பார்த்தியா!” என்று கூவ வாயெடுத்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். அந்த இடுக்கை அவர் முன்பே குடைந்து துடைத்திருந்தார். செதிலில் ஈரம் இருந்தது. சற்றுமுன் கரையேறிய மீனின் பச்சை வாடை சோப்பு மணத்தை மீறி மேசையெங்கும் பரவியது.

போன் அடித்தது. மைத்துனன்.

“அத்தான், தெருமுனைக்கு வந்துட்டேன். உங்க பக்கத்து வீட்டுச் செவலை நாய் விடமாட்டேங்குது. குரைச்சே கொன்னுடும்போல.”

போனிலும் ஜன்னலிலும் ஒரே குரைப்பு இரண்டாகக் கேட்டது.

“நாய்க்கெல்லாம் பயப்படலாமா மாப்ள? அது ஒருநாள் என்மேலேயே பாஞ்சுது. இந்தக் கத்தியால ஒரே கீறு. அதோட சரி.”

குரைப்பு பாதியில் அறுந்தது. போனில். ஜன்னலில். ஒரே நொடியில்.

“அட, படுத்துடுச்சு! உங்க குரலைக் கேட்டே அடங்கிடுச்சு அத்தான்!”

கர்னல் சிரிக்கவில்லை. குனிந்து பார்த்தார். இடுக்கிலிருந்து ஒரு கொத்துச் செம்மயிர் நீட்டிக்கொண்டிருந்தது. வேரோடு. வேரில் கொஞ்சம் தோலோடு. கத்தி சூடாக இருந்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. சொல்வது நடக்கிறது. இத்தனை வருடத்தில் அவர் பேச்சை ஓர் எழுத்து விடாமல் நம்பிய முதல் ஆள் இந்தக் கத்திதான். அடுத்த சொல்லுக்காகக் காத்திருக்கிறது. இனி வாயைத் திறக்கக் கூடாது. திறந்தாலும் உண்மையைத் தவிர வேறெதுவும் வரக் கூடாது. கத்தியைக் கீழே வைக்கப் பார்த்தார். விரல்கள் பிரியவில்லை.

மைத்துனன் உள்ளே வந்து எதிர் நாற்காலியில் சாய்ந்தான். கத்தியை உற்றுப் பார்த்தான்.

“அத்தான், விலைச்சீட்டு ஒட்டின பசைகூட இன்னும் போகலையே. புதுசா வாங்கினீங்களா?”

ஆமாம். அந்த ஒரு சொல் போதும்.

“சொல்லிடுங்களேன்!” உள்ளிருந்து மனைவி சிரித்தாள். “காலைல பொட்டலத்தோட பூனை மாதிரி வந்ததை நான் பார்க்கலைன்னு நினைப்பா?”

“அக்கா தீர்ப்புக்கு அப்பீலே கிடையாது,” என்றான் மைத்துனன். “அவ ஒரு அதட்டுப் போட்டா கர்னல் கட்டிலுக்கு அடியில!”

காது மடல் எரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார். வேண்டாம். வேண்டாம். ஆனால் பழகிப்போன வாய் அது. அவரைக் கேட்காமலேயே திறந்துகொண்டது.

“நானா? ஒரு காலத்துல உன் அக்காவுக்கு நாக்கு ரொம்ப நீளம். அதை அடக்கினதே இந்தக் கத்திதான்டா!”

சொல்லியாகிவிட்டது.

சமையலறையில் தண்ணீர் கொட்டியது. தண்ணீர் மட்டும்.

“இல்ல... பொய். பொய் சொன்னேன். கடையில வாங்கினது. காலைலதான் வாங்கினேன். எனக்குக் கரப்பான்னாகூடப் பயம்...” வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையை மூச்சுவிடாமல் கொட்டினார். கத்தி அதைச் சட்டை செய்யவில்லை.

மைத்துனன் தொடையில் தட்டிச் சிரித்தான். “அக்கா! கேட்டியா?”

அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். கையில் சோப்பு நுரை. முகத்தில் அதே நக்கல். புருவத்தைத் தூக்கி, விரலை ஆட்டி, வழக்கம்போல நீளமாக ஏதோ சொன்னாள். உதடுகள் அசைந்தன. சத்தம் இல்லை. சொல்லி முடித்துவிட்டு, தம்பி சிரிப்பான் என்று காத்து நின்றாள். அவளுக்கு இன்னும் தெரியவில்லை. கடைவாயிலிருந்து மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது.

“சத்தமா சொல்லுக்கா,” என்றான் தம்பி.

கர்னலின் பிடிக்குள் கத்தி தானாக மடங்கிக்கொண்டது. அதன் இடுக்கில், அவர் உள்ளங்கையோடு ஒட்டி, வெதுவெதுப்பாக, வழுவழுப்பாக ஒன்று புரண்டு புரண்டு இன்னும் பேசிக்கொண்டிருந்தது.