மேல்துளையில் செருகிய முளை

மேற்கு மலைத்தொடருக்குப் பின்னால் கதிரவன் மறைந்து, கிழக்கே பனங்காட்டுக்கு மேல் முழுநிலவு எழுந்துகொண்டிருந்த அந்த வேளையில், வெள்ளாற்றின் தென்கரையில் இறங்கியிருந்த பேரரசரின் பாசறை முழுவதும் ஒரே ஓசையால் நிறைந்திருந்தது. அது யானையின் பிளிறலுமன்று, குதிரையின் கனைப்புமன்று. சுழலும் கல்லில் இரும்பு உராயும் ஓசை. காதுக்கு இனிய ஓசை என்று அதைச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் அன்பார்ந்த வாசகர்களே, காதைப் பொத்திக்கொண்டாவது நாம் அங்கே போய்த்தான் ஆகவேண்டும்.

மருதமரத்தடியில் இரண்டு வீரர்கள் கயிறு இழுக்க, சாணைக்கல் சுழன்றுகொண்டிருந்தது. கத்தி தீட்டிக்கொண்டிருந்தவனோ கூத்தன் என்னும் சமையற்காரன்! வெள்ளரிக்காயைவிடக் கடினமான எதையும் ஆயுளில் வெட்டியறியாத அந்த மனிதன் தீட்டிய கத்தி, முன்கை மயிரை மழுமழுவென்று சிரைத்தது. அந்த அதிசயத்தைச் செய்தவள், கல்பொடி படிந்த கைகளோடு பக்கத்தில் நின்ற பரவை என்னும் இளநங்கை.

நடந்தது இதுதான். காட்டுவழியை வெட்டித் திருத்தியதில் படையின் கத்திகளெல்லாம் மழுங்கிப் போயின. சாணை பிடிப்பவனோ குளிர்காய்ச்சலில் படுத்துவிட்டான். அக்கரையிலிருந்த கருங்குடிக் கோட்டைக்குக் கல்மதில் கிடையாது. முற்றிய கல்மூங்கிலை நெருக்கி நட்ட அரண்தான் அதற்குக் காவல். விடியற்காலையில் வீரர்கள் கத்தியைப் பல்லில் கவ்விக்கொண்டு நீந்திச் சென்று அந்த அரணை வெட்டவேண்டும். மேற்கு மலையில் மழை தொடங்கிவிட்டது; இந்த விடியலைத் தவறவிட்டால் வெள்ளம் வந்துவிடும், பிறகு தை மாதம்வரை ஆற்றைக் கடக்க வழியில்லை. அந்த நெருக்கடியில்தான், பக்கத்து ஊர்க் கொல்லர் வீட்டுப் பெண் என்று சொல்லிக்கொண்டு பரவை வந்தாள். முறிந்த வண்டியின் மரத்தைக் கேட்டு வாங்கினாள்.

கல்லுக்கு எதிரே ஒரு பலகையை நட்டாள். அதன்மேல் இப்படியும் அப்படியும் வழுக்கி ஓடும்படி ஒரு கட்டையைச் செதுக்கினாள். கட்டையின் பிளவில் கத்தியை வைத்து ஆப்பு அடித்தால் இறுகிக்கொள்ளவேண்டும். முதற்கத்தி இறுகாமல் தெறித்து ஓடியது. சற்றும் முகம் வாடாமல் ஆப்புக்கு அடியில் எருமைத்தோல் துண்டொன்றைச் செருகினாள், அப்புறம் அசையவில்லை. பின்புறத்தில் ஒரு நெட்டுக்கால், அதில் மேலொன்றும் கீழொன்றுமாய் இரு துளைகள். துளையில் செருகி, கட்டையின் பின்முனையைத் தாங்கும் மூங்கில் முளைக்குச்சிதான் கத்தி கல்லில் எவ்வளவு சாயவேண்டும் என்பதைத் தீர்மானித்தது. முளை மாறாதவரை சாய்வும் மாறாது. யார் தள்ளினாலும் ஒரே கூர்தான். கைப்பழக்கத்தை மரத்துக்குக் கற்றுக்கொடுத்த அந்தப் பெண்ணின் அறிவை நினைத்தால் எனக்கு இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது.

ஆனால் வாசகர்களிடம் ஒன்றை மறைக்க எனக்கு மனமில்லை. பரவை கருங்குடியிலிருந்து வந்த வேவுக்காரி. முளையை அவள் கீழ்த்துளையில் செருகியிருந்தாள். அப்போது கத்தி கல்லின்மேல் மிகவும் படுத்துக்கொள்ளும். விளிம்பு அளவுக்கு மீறி மெலியும். அந்தப் படையினரோ மயிரிலும் வாழைத்தண்டிலும் மட்டுமே கூர் பார்க்கும் வழக்கமுடையவர்கள். இரண்டிலும் அந்தக் கத்திகள் தேறிவிட்டன. கல்மூங்கிலில் ஓங்கி இறங்கினால்தான் அவை பல்பல்லாய் உதிரும். அப்படி உதிர்ந்தால் கருங்குடி பிழைக்கும். அதற்குமுன் அவளுடைய சூது வெளிப்பட்டால் அவள் தலையும் போகும், கோட்டையும் போகும்.

படைத்தலைவன் சேந்தன் குவாவன் காலையிலிருந்து பலமுறை அந்த மரத்தடிக்கு வந்துவிட்டான். மேற்பார்வை என்று பெயர். பார்த்ததெல்லாம் கத்தியைத்தானா என்று நான் கேட்கப் போவதில்லை. இதை யார் கற்பித்தார்கள் என்று இப்போது அவன் வினவினான்.

"யாரும் கற்பிக்கவில்லை, தளபதியாரே. என் கை விரைவில் சோர்ந்துவிடும்; சோர்ந்த கை கத்தியைச் சாய்த்துவிடும். சோராத கை ஒன்று வேண்டியிருந்தது. மரத்தில் செய்துகொண்டேன்."

குவாவன் மெய்ம்மறந்து சிரித்தான். பிறகு தன் இடைக்கத்தியை உருவி அவளிடம் நீட்டினான்.

"நாளை முதன்முதலாக மூங்கிலில் விழப்போவது இதுதான், பெண்ணே. மன்னர் கோட்டையைக் கேட்டாரேயன்றி உள்ளேயிருக்கும் உயிர்களைக் கேட்கவில்லை. ஆயுதம் தாழ்த்தியவரை என் வீரர்கள் தொடாமலிருக்க வேண்டுமானால், நான் முன்னால் நிற்கவேண்டும்."

அவன் போய்விட்டான். உடைந்த கத்தியோடு அரணுக்கு முன்னால் நிற்பவன் மார்பில்தான் முதல் வேல் பாயும் என்பது பரவைக்குத் தெரியாதா? கூத்தனை நீர் கொண்டுவர அனுப்பினாள். முளையைப் பிடுங்கி மேல்துளையில் செருகினாள். கத்தி நிமிர்ந்தது, மயிரைச் சிரைக்காவிட்டாலும் மூங்கிலை வெட்டும் உறுதியான விளிம்பு அதற்கு ஏறியது. அறிவு அதைப் பிழை என்றுதான் சொல்லும். அதற்காக அவளைக் குறைகூற எனக்கு வாய் வரவில்லை.

தீட்டிய கத்தியைத் தளபதியிடம் சேர்ப்பித்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு அவள் ஆற்றுப் பக்கம் நடந்தாள். அந்த நேரம் பார்த்தா கூத்தனுக்குச் சோற்றுக் கொப்பரை தூக்க ஒரு கழி தேவைப்படவேண்டும்! மூங்கிற்புதரில் அவன் போட்ட முதல் வெட்டிலேயே கத்தி உதிர்ந்தது. அலறியடித்துக்கொண்டு வந்தவனைக் கண்டு, உபதளபதி நக்கன் வேளான் வேறு கத்திகளை வாங்கி வெட்டிப் பார்த்தான். எல்லாம் உதிர்ந்தன. குவாவன் தன் கத்தியை ஓங்கினான். மூங்கில் ஒரே வெட்டில் துண்டாகி விழுந்தது. விளிம்பில் ஒரு கீறலும் இல்லை.

இரண்டு விளிம்புகளையும் நிலவொளியில் சேர்த்துப் பிடித்துப் பார்த்தான். மரத்தடிக்குப் போனான். முளை மேல்துளையில் இருந்தது. கீழ்த்துளையோ நாள்முழுதும் தேய்ந்து வழவழத்துக் கிடந்தது. அவள் யாரை அழிக்க வந்தாள், யாரை மட்டும் விட்டுவைத்தாள் என்பது அவனுக்கு விளங்கிவிட்டது. நெஞ்சில் சினம் வந்ததைவிட வியப்பே அதிகமாய் வந்தது.

அதற்குள் வேளான், நடு ஆற்றில் கவிழ்த்த குடத்தைப் பற்றி நீந்தும் உருவத்தைக் கண்டுவிட்டான். வில்லாளிகள் நாணேற்றினார்கள்.

"வில்லைத் தாழ்த்துங்கள்" என்றான் குவாவன்.

தயங்கித் தயங்கித்தான் வில்கள் தாழ்ந்தன. கத்திகளை மீண்டும் தீட்ட நாளை மாலையாகிவிடும் என்றும், ஆற்றுநீர் இப்போதே செந்நிறமாகிக் கரையேறத் தொடங்கிவிட்டது என்றும் வேளான் மனம் கொதித்துச் சொன்னான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கரையில் முரசு அதிர்ந்தது. அதைக் கேட்டு அவன் முகம் வெளுத்தது.

"தளபதியாரே, இந்த முரசை நான் அறிவேன். ஆளும் குலத்துப் பெண் கோட்டைக்குத் திரும்பும்போது மட்டுமே கருங்குடியில் இது முழங்கும். வந்தவள் கொல்லர் மகளல்லள். அந்தக் குலத்தின் ஒரே பெண், கோட்டைத் தலைவனின் தங்கை. மன்னருக்கு என்ன விடை சொல்லப் போகிறீர்கள்?"

"உண்மையைச் சொல்வேன். பதவியைக் கேட்டால் கொடுத்துவிடுவேன்."

குவாவன் முழங்கால் அளவு நீரில் இறங்கி, கத்தியைக் கண்களில் ஒற்றிக்கொண்டான்.

"இந்த ஆற்றின்மேல் ஆணை. இந்தக் கத்தி கருங்குடியின் ஒரு மூங்கிலையும் தொடாது. வெள்ளம் வடிந்த அன்று படையில்லாமல் தனியே வருவேன். என் உயிரை ஏன் விட்டுவைத்தாய் என்று அவளையே கேட்பேன்."

அக்கரையில், நனைந்த ஆடையோடு மூங்கில் வாயிலை அடைந்த பரவை திரும்பிப் பார்த்தாள். அவன் சொன்னது ஆற்றின் இரைச்சலைத் தாண்டி அவள் காதில் விழுந்திருக்காது. ஆனால் இக்கரையில் ஒரு வில்லும் நிமிர்ந்திருக்கவில்லை என்பதை அவள் கண்டாள். வாயிற்காவலர் இருமுறை அழைத்த பிறகுதான் உள்ளே போனாள்.