ஒரு நிமிஷ ஆட்டம்... ஒரு பிணம்!

"ஐயோ... ராணி போச்சு!"

ஜீப்புக்குள் அலறினான் போலீஸ் சார்ஜன் யோகேந்திரன்.

பயப்பட வேண்டாம். செத்தது அவன் கைப்பேசியில் இருந்த செஸ் ராணி.

ஆளுக்கு ஒரே ஒரு நிமிஷம்! அதற்குள் முழு ஆட்டத்தையும் முடித்தாக வேண்டும். யோசித்தால் தோல்வி. அதனால் ஆன்லைனில் இதை ஆடிப் பழுத்தவர்களிடம் ஒரு தந்திரம் உண்டு... ப்ரீமூவ்! 'எதிராளி இதைத்தான் செய்வான்' என்று தீர்மானித்து, அவன் காயைத் தொடுவதற்கு முன்பே நம் அடுத்த நகர்த்தலைப் போட்டு வைத்துவிடுவது.

நினைத்தது நடந்தால் வெற்றி. நடக்காவிட்டால், நம் ராணி எதிராளியின் சிப்பாய் வாயில் போய் உட்கார்ந்துவிடும்.

இப்போது உட்கார்ந்தது!

'இஞ்சின் ராஜா' என்ற பெயரில் ஆடிய எதிராளி லபக்கென்று ராணியை வெட்டினான். யோகேந்திரன் விடவில்லை. மறுபடி ஆடினான். தோற்றான். மறுபடி... மறுபடி தோல்வி. நல்லவேளையாக, நடு ஆட்டத்தில் இஞ்சின் ராஜாவே திடீரென்று காணாமல் போனான்.

யோகேந்திரன் அப்போது கோலா தெர்லா சாலையில் ரோட்பிளாக் போட்டிருந்தான். லோரி வரும் இடத்தையெல்லாம் விட்டுவிட்டு, தேயிலைத் தோட்டத்துக்கு மேலே இருக்கும் இந்த வளைவை அவன் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒன்றுதான். இங்கேதான் கைப்பேசிக்கு லைன் முழுசாகக் கிடைக்கும்!

போன மாதம் இதே வளைவில் திருட்டு முட்டைக்கோஸ் ஏற்றிய லோரி ஒன்று அவனைத் தாண்டிப் போனது. தலை நிமிராமல் அவனே கையாட்டி வழியனுப்பி வைத்தான்!

"இன்னொரு தடவ டூட்டில செஸ் ஆடினீங்க... ரொம்பினுக்கு டிரான்ஸ்ஃபர்!" என்று எச்சரித்திருந்தாள் அவனுடைய மேடம், மலாய் வழக்கப்படி எல்லோருக்கும் 'புவான்' ஆன இன்ஸ்பெக்டர் உமாதேவி.

ரொம்பின்! பகாங் மாநிலத்தின் அந்தக் கோடி. கடல், வெயில், வேர்வை... அதுகூடப் பரவாயில்லை. டீச்சர் வேலை பார்க்கும் அவன் மனைவி சுபத்ரா, வருஷக்கணக்காக மனுப் போட்டு இப்போதுதான் இந்த மலைக்கு மாற்றல் வாங்கி வந்திருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த வாரம்தான் இருவருக்கும் ஒரே வீடு. அதை இழக்க அவனுக்கு மனசே இல்லை.

கைப்பேசி சிணுங்கியது. சுபத்ராதான்.

'கர்ட்டன் பச்சையா, நீலமா? சீக்கிரம் சொல்லுங்க.'

பதில் எழுதுவதற்குள் அழைப்பு வந்தது. உமாதேவி!

"யோகேந்திரன்! என்ன பண்றீங்க?"

"ரோட்ட பாத்துக்கிட்டு இருக்கேன், புவான்! கண்ணு சிமிட்டல!"

"கீழ டீ பேக்டரிக்கு வாங்க... கொலை!"

தொழிற்சாலையின் மேல்மாடி. நீள நீளமான கம்பிவலைத் தொட்டிகள். பறித்த இலையை அதில் பரப்பி, அடியிலிருந்து விசிறிக் காற்று விட்டு வாட்டுவார்கள்.

ஓரத்துத் தொட்டியில், பச்சை இலைக்குள் முகம் புதைத்துக் குப்புறக் கிடந்தார், தூள் தயாரிப்பையே கவனிக்கும் டீ மேக்கர் கருப்பையா. காதுக்கு மேலே கொழுக்கட்டை அளவு வீக்கம்!

"டாக்டர் எங்க?" என்றான் யோகேந்திரன்.

"பிரிஞ்சாங் டவுன் ஜாம்ல மாட்டிக்கிட்டாரு," என்றாள் உமாதேவி. "ஸ்கூல் லீவுலா! ஸ்ட்ராபெரி பாக்க வந்த காரெல்லாம் ரோட்டுல."

"அப்ப செத்துட்டாருன்னு யாரு சொன்னது?"

இலை கிளறும் செல்லம் முன்னால் வந்தாள்.

"நான்தான் சார்! கால தொட்டேன்... ஐஸு! நான் போட்ட கத்துல கங்காணியே ஓடிட்டாரு."

"வேற யாரும் தொட்டீங்களா?"

"புவான்தான் போன்ல சொல்லிட்டாங்களே, ஒருத்தரும் ஒண்ணையும் தொடக்கூடாதுன்னு. நாங்க விசிறியகூட நிறுத்தல."

"வெரி குட்!" உமாதேவியின் முகத்தில் பெருமை. "தடயம் முக்கியம்."

"கடைசியா எப்ப உயிரோட பாத்தீங்க?" என்று செல்லத்தைக் கேட்டான் யோகேந்திரன்.

"டீ குடிக்க சங்கு ஊதிச்சு சார். எல்லாரும் கீழ போனோம். டீ மேக்கரு மட்டும் தொட்டி ஓரமா நின்னுக்கிட்டு இருந்தாரு. திரும்பி வந்தா..."

"டீ குடிக்க வராத ஆளு யாரு?"

செல்லத்தின் விரல் நீண்டது. அந்தப் பக்கம் நடுங்கிக்கொண்டு நின்றான் இளம் இஞ்சினியர் ஷாமல்.

"நேத்து கேன்டீன்ல இவருக்கும் டீ மேக்கருக்கும் பெரிய சண்ட சார்!"

"எதுக்கு?"

"செஸ்ஸுக்கு!"

யோகேந்திரன் தன் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் தள்ளினான்.

"கருப்பையா அண்ணனுக்கு ஒரு ஆட்டம்னா ஒரு வாரம், புவான்!" ஷாமல் படபடத்தான். "ஒரு காய நகர்த்திட்டு குளிச்சு, சாப்பிட்டு, தூங்கி எந்திரிப்பாரு. 'ஒரு நிமிஷ செஸ்ஸு ஒரு ஆட்டமாடா? வாட்டாத இலையில டீ போட்ட மாதிரி... குப்ப! புத்தி கெட்டுப் போகும்'னாரு. நான் விடல. 'ரோட்டுல ஆடு குறுக்க வந்தா லோரிக்காரன் ஒரு வாரமா யோசிப்பான்? வேகம்தாண்ணே புத்தி'ன்னேன்."

"அப்புறம்?"

"'ஒரே நிமிஷத்துல உங்கள சாய்ச்சுக் காட்றேன்'னு... செஸ்ல, புவான்! செஸ்ல!"

"சாய்ச்சிட்டீங்களே!" உமாதேவி திரும்பினாள். "யோகேந்திரன், விலங்க மாட்டுங்க."

"ஐயோ, அந்த நேரம் நான் இஞ்சின் ரூம்ல ஆடிக்கிட்டு இருந்தேன்! இத பாருங்க... சங்கு ஊதுனதுலேருந்து செல்லம் அக்கா கத்துற வரைக்கும் ஆட்டத்து மேல ஆட்டம். ஒரே ஆளோட!"

உமாதேவி அவன் கைப்பேசியை வாங்கிப் படித்தாள்.

"இஞ்சின் ராஜா... அது நீங்க. எதிராளி... பறக்கும் குதிரை?"



பறக்கும் குதிரை... யோகேந்திரனேதான்!

"யாரு இந்தக் குதிர?"

"தெரியல, புவான். ஆனா மகா மட்டமான ஆட்டக்காரன்! ராணிய சும்மா தூக்கிக் குடுக்குறான்!"

"அது ஒரு அவசரத்துல..." என்றான் யோகேந்திரன்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல, புவான்!"

"பேரு ஊரு இல்லாத குதிரையெல்லாம் சாட்சியா? கம்ப்யூட்டராகூட இருக்கும்."

"கம்ப்யூட்டரு இவ்ளோ மட்டமா ஆடாது, புவான்!" என்று கதறினான் ஷாமல்.

விலங்கு விழுந்தது.

வாயைத் திறந்தால் ரொம்பின். திறக்காவிட்டால் ஒரு அப்பாவிக்குச் சிறை. யோகேந்திரன் மூன்றாவது வழி தேடினான். வேறு கொலைகாரனை உடனே பிடித்துவிட்டால்?

"செல்லம் அக்கா! பொணத்த நீங்க ஏன் மொதல்ல பாத்தீங்க?"

"கண்ணு இருக்குதே சார்."

"அந்தக் கங்காணி! அவரு ஏன் ஓடணும்?"

"அவருக்குப் பொணம்னா பயம் சார். சொந்த மாமனாரு சாவுக்கே போகல."

எல்லாமே ப்ரீமூவ். எல்லாமே வெட்டுப்பட்டது!

கைப்பேசி மறுபடி சிணுங்கியது. 'பச்சையா நீலமா? கடைக்காரர் நிக்கிறார்!'

"புவான்..." ஷாமலின் கண்களில் நீர். "அடுத்த மாசம் எனக்கும் ஷர்மினிக்கும் கல்யாணம். அவகிட்ட நான் என்னான்னு சொல்வேன்? அப்புறம்... இலையில ஈரம் ஏறுது, புவான். சுடுகாத்து விடலேன்னா எல்லாம் அழுகிடும்."

கையில் விலங்கோடு இலைக்கும் சேர்த்துக் கவலைப்படுகிறான்! யோகேந்திரனுக்குப் பாவமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. தன் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள, இன்னொருவன் வீட்டை ஆரம்பிக்கும் முன்பே இடிப்பதா?

"புவான்... அந்தக் குதிர நான்தான்."

தன் கைப்பேசியை எடுத்து நீட்டினான் யோகேந்திரன்.

"ரோட்பிளாக்ல ஆடினேன். சங்கு எனக்கும் கேட்டுச்சு. ஷாமல் சொல்றதெல்லாம் உண்ம. அந்த ராணி... நான் விட்ட ராணி."

"சார்! நீங்களா?" ஷாமல் அவசரமாகக் குரலை மாற்றினான். "ரொம்ப... ரொம்ப நல்லா ஆடுனீங்க சார்!"

உமாதேவியின் முகம் சிவந்தது.

"கண்ணு சிமிட்டாம இதத்தான் பாத்தீங்களா? நாளைக்கே ரொம்பின்! ப்ரீமூவ் போட்டு ராணிய விடுற ஆளு எனக்குத் தேவையில்ல!"

விலங்கைக் கழற்றினான் யோகேந்திரன். வீடு போயிற்று. கர்ட்டனும் போயிற்று.

ஷாமல் நேரே ஓடிப்போய்ச் சுடுகாற்றைத் திறந்துவிட்டான். இலைகள் சலசலத்தன. வெதுவெதுப்பு பரவியது.

அப்போது...

பிணம் அசைந்தது!

"ஹ்... ஹ்ஹ்... ஹச்சூ!"

செல்லம் வீறிட்டாள். அப்போதுதான் திரும்பி வந்து வாசலில் நின்ற கங்காணி, வந்த வழியே மறுபடி ஓடினார்.

தலையெல்லாம் இலையாக எழுந்து உட்கார்ந்தார் கருப்பையா!

"கால்தான் ஐஸா இருந்துச்சே!" என்றாள் செல்லம்.

"அடியில விசிறி ஓடுதேக்கா!" என்றான் ஷாமல். "இந்த மலக் காத்துல படுத்தா யாரு காலும் ஐஸுதான்."

விசிறியை நிறுத்தவிடாத உமாதேவி இருமிக்கொண்டே குனிந்தாள்.

"கருப்பையாண்ணே... யாரு உங்கள அடிச்சது?"

"அந்தக் கொலகாரன், புவான்!" கருப்பையாவின் கண்கள் எரிந்தன. "பறக்கும் குதிர!"

எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

"இந்த ஷாமல் ஆட்டத்த நான் தெனம் போன்ல நேரலையா பாப்பேன். தப்பு கண்டுபுடிக்கத்தான்! ஆசைக்கு இல்ல! இன்னிக்கு அந்தக் குதிரைக்கு ஜெயிக்கிற ஆட்டம், புவான். இன்னும் ரெண்டே நகர்த்தல்! அந்த மூதேவி ராணிய கொண்டு போயி சிப்பாய் வாயில வச்சான். 'அடப்பாவி'ன்னு தலையில அடிச்சுக்கிட்டு குதிச்சேன்... காலு வழுக்கி, தொட்டி இரும்புல மண்ட மோதி..."

இலைக்குள் கைவிட்ட செல்லம், அவருடைய கைப்பேசியை வெளியே எடுத்தாள்.

"ஒரு நிமிஷ செஸ்ஸு ஆளயே கொல்லும்னு இப்ப தெரியுதா?" என்றார் கருப்பையா.

"ஆடின நாங்க ரெண்டு பேரும் நிக்கிறோம்ணே," என்றான் ஷாமல். "பாத்த நீங்கதான் விழுந்தீங்க!"

"அந்தக் குதிர மட்டும் கையில கெடச்சான்..."

எல்லாத் தலைகளும் யோகேந்திரன் பக்கம் திரும்பின.

"கொலை இல்ல. கேஸ் இல்ல," என்றாள் உமாதேவி. "டிரான்ஸ்ஃபர் மட்டும் இருக்கு."

அன்றைக்கு முதல்முறையாக யோகேந்திரன் நிதானமாக யோசித்தான்.

"புவான்... ஒரு சந்தேகம்."

"என்ன?"

"ராணிய விட்டேன்னுதான் நான் சொன்னேன். ப்ரீமூவ்னு சொல்லவே இல்ல. ஷாமலும் சொல்லல. கருப்பையாண்ணே அப்ப பொணம்."

உமாதேவி விறைத்தாள்.

"ஆடாதவங்க வாயில அந்த வார்த்த வராதே, புவான்?"

உமாதேவியின் முகம் வாட்டிய இலையாயிற்று.

"டூட்டில ஆடுறதில்ல," என்றாள் மெல்லிய குரலில். "ஜாம்ல நிக்கிறப்ப மட்டும்தான்."

"ஜாம்ல யாரு புவான் கார் ஓட்டுறது?"

"...நான்தான்."

ஷாமல் சட்டென்று விட்டத்தைப் பார்த்தான். செல்லம் இலையைக் கிளறத் தொடங்கினாள்.

"ரொம்பின் ரொம்ப தூரம்லா," என்றாள் உமாதேவி, தொப்பியைச் சரிசெய்தபடி. "நீங்க இங்கயே இருங்க. ரோட்பிளாக்க மட்டும் லைன் இல்லாத எடத்துக்கு மாத்துங்க."

யோகேந்திரனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. வெளியே வந்து அவசரமாகத் தட்டினான்.

'நீலம்!'

உடனே பதில் வந்தது. கூடவே ஒரு படம். ஜன்னல் நிறையப் பச்சைக் கர்ட்டன்!

'பச்சைதான் சொல்வீங்கன்னு அப்பவே மாட்டிட்டேன்.'

யோகேந்திரன் பெருமூச்சு விட்டான்.

இந்த ராணி மட்டும் ப்ரீமூவ் போட்டுத் தோற்றதே இல்லை!