கழுத்தில் இல்லை உத்தரியம்!

"ஐயோ... அப்பா கெணத்துல கெடக்கறாருடா!"

1973 பங்குனி. ராஜமேரியின் அலறலில் மாரண்டஹள்ளித் தோட்டமே நடுங்கியது.

மகன் ஸ்தனிஸ்லாஸ் பல் தேய்த்த வாயோடு ஓடினான். எட்டிப் பார்த்தான்.

அப்பா சவுரியப்பன் குப்புற மிதந்தார்!

எம்.எல். படிக்கிற பிள்ளை. சர்வதேசக் குற்றவியல் சட்டம். எந்த யுத்தத்தில் யார் யாரைக் கொன்றார்கள், யாரைத் தூக்கில் போட்டார்கள்... எல்லாம் மெட்ராஸில் கரைத்துக் குடித்தவன். சொந்தக் கிணற்றடியில் அழ மட்டுமே முடிந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் சென்னப்பன் வந்தார். வந்த வேகத்தில் ஆளையும் பிடித்துவிட்டார்!

கிணற்றடியிலேயே துவண்டு உட்கார்ந்திருந்த கிழவர் கிருஷ்ணப்பன். மலேயாவிலிருந்து திரும்பியவர். அவர் கையில் சவுரியப்பனின் உத்தரியம்!

மாதா படம் தைத்த கழுத்துக் கயிறு. குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டார். சாகும்போது அது கழுத்தில் இருந்தால் மாதா கைவிடமாட்டாள் என்பது அந்த வீட்டு நம்பிக்கை.

"இது எப்படிய்யா உங்கிட்ட?"

"தொவைக்கற கல்லு மேல கெடந்துச்சுங்க. தாயத்துன்னு எடுத்தேன்."

"செத்தவரை முன்னயே தெரியுமா?"

"தெரியுங்க. யுத்தத்தப்ப சயாம்ல ரயில் லைன் போட்டோம். இவருதான் கங்காணி. சப்பான்காரன் அடிக்கச் சொன்னான்... காய்ச்சல்ல கெடந்த எங்கண்ணன அடிச்சே கொன்னுட்டாரு. நேத்து சந்தையில பாத்தேன். அவருக்கும் என்னை அடையாளம் தெரிஞ்சுது."

"போதும்! முப்பது வருசப் பகை. கழுத்துல கெடந்தத அறுத்து, ஆளைத் தள்ளிட்ட. ஏறு ஜீப்புல!"

ஸ்தனிஸ்லாஸ் கிழவரைத் திரும்பிப் பார்த்தான். அப்பாவா? கங்காணியா?

நேற்றுச் சந்தையிலிருந்து வந்தவர் களியைத் தொடாமல் கேட்டாரே!

"ஏன்டா, மேல இருக்கறவன் சொல்லி ஒருத்தன் அடிச்சிருந்தா... அதுவுமா குத்தம்?"

"குத்தந்தாம்ப்பா! சொன்னான் செஞ்சேன்னு தப்பிக்கவே முடியாது."

"வருசம் ரொம்ப ஆயிட்டா?"

"எத்தனை ஆனாலும் விடாது!"

பரீட்சைக்குப் பதில் சொல்கிற மிடுக்கோடு சொன்னான். பாவி, அப்பா முகத்தைப் பார்க்கவில்லையே!

சென்னப்பனிடம் உத்தரியத்தை வாங்கிப் பார்த்தான். கயிறு அறுபடவில்லை. தலை வழியாக அவரேதான் கழற்றியிருக்கிறார். மாதாவைத் தன்னோடு தண்ணீருக்குள் இழுத்துப்போக மனசு வரவில்லை!

ராஜமேரிக்கும் புரிந்துவிட்டது. அவன் கையை இறுகப் பிடித்தாள்.

"வாயத் தொறக்காதடா ராசா! தானா செத்தாருன்னா சாமியார் கல்லறையில எடம் தரமாட்டாரு. துக்க மணிகூட அடிக்க வுடமாட்டாங்க!"

வாயை மூடினால் அப்பாவுக்குக் கல்லறை... கிருஷ்ணப்பனுக்குத் தூக்கு!

"சார்... அவர விடுங்க. கயிறு அறுபடல. அப்பாவேதான் கழட்டியிருக்காரு."

ராஜமேரி தரையில் சாய்ந்து மார்பில் அடித்துக்கொண்டாள். அவளையே பார்த்த கிருஷ்ணப்பன் சட்டென்று எழுந்தார்.

"ஆமாங்க! அவரே கழட்டி, 'மன்னிச்சிரு'ன்னு என் கையில குடுத்தாரு. திரும்பினாரு... படியில வழுக்கிட்டாரு! கண்ணால பாத்தேனுங்க."

"மொதல்ல கல்லு மேல கெடந்துச்சுன்ன?"

"பயத்துல ஒளறிட்டேனுங்க."

சென்னப்பன் குனிந்து படியைத் தடவினார். காய்ந்து கிடந்தது. கையில் தூசிதான் ஒட்டியது.

ராஜமேரியைப் பார்த்தார். கையைத் தட்டிக்கொண்டார்.

"ஏட்டய்யா... வழுக்கி விழுந்து மரணம்னு எழுதிக்குங்க!"

சாயங்காலம். கோயிலில் துக்க மணி அடித்தது.

ஸ்தனிஸ்லாஸ் கிருஷ்ணப்பனைத் தனியே இழுத்தான்.

"நெஜமா வழுக்கினாரா?"

"நான் வந்தப்பவே உசிரில்லாமத்தான் மெதந்தாருங்க தம்பி. எங்கண்ணன எங்க போட்டீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கத்தான் வந்தேன்."

"அப்புறம் ஏன் பொய் சொன்னீங்க?"

"எங்கண்ணனுக்கு ஒரு புடி மண்ணு வுழல. அந்த வேதனை இன்னொரு வூட்டுக்கு எதுக்குங்க?"

ஸ்தனிஸ்லாஸ் அவர் காலடியில் உட்கார்ந்து தேம்பினான். படித்தது எதுவும் அந்த அழுகையை நிறுத்தவில்லை.

பின்னால் செருமல். சென்னப்பன்!

"ஏம்ப்பா வக்கீலு, பொய் சாட்சிக்கு உங்க படிப்புல என்ன தண்டனை?"

ஸ்தனிஸ்லாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அந்தப் பாடம் நடத்தின அன்னிக்கு நான் லீவு சார்!"